பூட்டு யாருடையது, சாவி யாரிடம்?
டிஜிட்டல் கேமராவின் நினைவட்டை குறித்து ஒரு விளக்கம்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது உலகின் வணிக மரபுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட விதியாகும். வீட்டை விற்றவர் சாவியை ஒப்படைக்கும்போதுதான் அவ்விற்பனை நிறைவு பெறுகிறது. வீடு முழுவதையும் விற்றுவிட்டு, உள்ளே ஓர் அறையை மட்டும் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒருவரை நாம் நேர்மையான விற்பனையாளர் என ஏற்க மாட்டோம். ஆயினும், ஏறத்தாழ அத்தகையதொரு விற்பனையை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ள நம் காலத்தவர் பழகிவிட்டனர். டிஜிட்டல் கேமராவிலும் கைப்பேசியிலும் நாம் செருகும் மெமரி கார்டு எனும் நினைவட்டை இதற்குச் சிறந்த சான்று. அச்சிறு அட்டைக்குள் இருக்கும் பூட்டுகள் எவை, அவை யாரைக் காக்கின்றன, யாரைக் காக்கவில்லை என்பவற்றை அறிந்துகொள்வது, அதை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் உரிய கடமையை உணர்வதற்குத் துணைபுரியும்.

அட்டைக்குள் இருப்பது என்ன?

பெரிய அளவு எஸ்.டி. அட்டை 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் 2.1 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. அதனுள் அடங்கியுள்ள முதன்மையான உறுப்புகள் இரண்டு. ஒன்று, தகவலைத் தேக்கி வைக்கும் ஃப்ளாஷ் நினைவகச் சில்லு. மின்சாரம் நின்ற பின்னரும் தகவலை இழக்காத இவ்வகை நினைவகம், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980களில் உலகுக்கு அளித்த கண்டுபிடிப்பாகும். மற்றொன்று, அச்சில்லை ஆளும் சிறு கணிப்பொறி. இதனைக் கட்டுப்படுத்தி என்பர்.

கேமரா நினைவகச் சில்லோடு நேரடியாகத் தொடர்பு கொள்வதில்லை. அட்டையின் கொள்ளளவு எவ்வளவு, எழுதிய படம் முறையாகப் பதிவாயிற்றா என்பவற்றையெல்லாம் கட்டுப்படுத்தியிடமே கேட்டறிகிறது. கட்டுப்படுத்தி உண்மை கூறினால் கேமராவும் உண்மையை அறியும். அது பொய் கூறினால் கேமரா அப்பொய்யையே நம்பும். இந்நுட்பத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் நாம் கூறவிருக்கும் செய்திக்கு இதுவே அடிப்படை.

இத்தகைய அட்டைகள் ஒரே வடிவில் பிறந்தவையல்ல. 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையை அறிமுகப்படுத்தியது. 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியாவும், 1997இல் சான்டிஸ்க்கும் ஜெர்மனியின் சீமென்ஸும் இணைந்து உருவாக்கிய எம்.எம்.சி. எனும் மல்டிமீடியா கார்டும், 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக்கும் வெளிவந்தன. 1999இல் மத்சுஷிதா (இன்றைய பானசோனிக்), சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி எம்.எம்.சி. அட்டையின் வழியில் புதியதோர் அட்டையை அறிவித்தன. அதுவே எஸ்.டி. அட்டை. எஸ்.டி. என்பது செக்யூர் டிஜிட்டல் என்பதன் சுருக்கம். 'பாதுகாப்பான எண்முறை அட்டை' என்பது அதன் பொருள். 2002இல் ஒலிம்பஸ், ஃபூஜி நிறுவனங்கள் எக்ஸ்.டி. என்ற பெயரில் மற்றோர் அட்டையைக் கொணர்ந்தன. இப்போட்டியில் இறுதியில் நிலைபெற்றது எஸ்.டி. குடும்பமே. 2010இல் சோனியும் தன் கேமராக்களில் எஸ்.டி. அட்டைக்கு இடமளிக்கத் தொடங்கியது.

'பாதுகாப்பான' என்ற சொல்லைக் காணும் எவரும், தம் படங்களுக்குப் பாதுகாப்பு என்றே பொருள்கொள்வர். உண்மை வேறு.

மூன்று பூட்டுகள்

எஸ்.டி. அட்டையில் மூவகைப் பூட்டுகள் உள்ளன.

முதலாவது, அட்டையின் இடப்பக்க விளிம்பில் உள்ள சிறு நகர்த்தி. அதைக் கீழ்நோக்கித் தள்ளினால் அட்டையில் எழுதவோ அழிக்கவோ இயலாது என்று கேமரா அறிவிக்கும். இது வெறும் அடையாளமே. அட்டையின் உள்ளிருக்கும் சில்லுகளோடு இதற்கு எத்தொடர்பும் இல்லை. கேமராவின் செருகுவாய் இதன் நிலையை உணர்ந்து அதற்கு மதிப்பளிக்கிறது. மதிப்பளிக்காத கருவியொன்று அட்டையில் தாராளமாக எழுதலாம். கதவில் தொங்கும் 'உள்ளே வராதீர்' என்ற பலகைக்கு ஒப்பானது இது.

இரண்டாவது, கடவுச்சொல் பூட்டு. 16 பைட் வரை நீளமுள்ள ஒரு சொல்லை இட்டு அட்டையை மூடிவிடும் கட்டளை எம்.எம்.சி., எஸ்.டி. ஆகிய இரண்டின் விதிமுறைகளிலும் உண்டு. அட்டையின் உரிமையாளரே சாவியை வைத்திருக்கும் பூட்டு இது ஒன்றுதான். நோக்கியாவின் சில கைப்பேசிகள் இவ்வசதியை மக்களுக்கு அளித்தன. கேமராக்களின் பட்டியல்களில் இதைக் காண்பது அரிது.

மூன்றாவது பூட்டே 'பாதுகாப்பான' என்ற பெயருக்குக் காரணமானது. சி.பி.ஆர்.எம். எனப்படும் இம்முறையை ஐ.பி.எம்., இன்டெல், மத்சுஷிதா, தோஷிபா ஆகிய நான்கு நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்தது. இதன்படி, அட்டைக்குள் பயனருக்குப் புலப்படாத ஒரு மறைவிடம் ஒதுக்கப்படுகிறது. ஒவ்வோர் அட்டைக்கும் மாற்றவியலாத ஓர் அடையாள எண் பதிக்கப்படுகிறது. உரிமம் பெற்ற பாடல் கருவிகளுக்கு மட்டும் இரகசியச் சாவித் தொகுதி வழங்கப்படுகிறது. கருவியின் சாவியும் அட்டையின் அடையாள எண்ணும் இணைந்தால்தான் பாடலின் குறியாக்கம் அவிழும். எனவே, அப்பாடல் கோப்பை அவ்வாறே வேறோர் அட்டைக்குப் படியெடுத்தாலும் அது ஊமையாகவே இருக்கும். ஏதேனும் ஒரு கருவியின் சாவி வெளியே கசிந்துவிட்டதெனத் தெரிந்தால், அதன் பின்னர் தயாராகும் அட்டைகள் அக்கருவியை ஏற்காதவாறு விலக்கி வைக்கவும் இதில் ஏற்பாடு உண்டு.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று வங்கியிடமும் மற்றொன்று வாடிக்கையாளரிடமும் இருக்கும். ஒருவரையொருவர் மீற இயலாது என்பதே அம்முறையின் நீதி. சி.பி.ஆர்.எம். பூட்டிலோ இரண்டு சாவிகளும் பெட்டகத்தை உருவாக்கியோரின் ஏற்பாட்டில் இருக்கின்றன. அட்டைக்கு விலை கொடுத்தவரிடம் ஒன்றுமில்லை.

கேமரா எடுக்கும் படங்களுக்கு இம்மூன்றாம் பூட்டு தேவைப்படுவதில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவை திறந்த பகுதியில் சாதாரணக் கோப்புகளாகவே எழுதப்படுகின்றன. அட்டை எவர் கையில் கிடைத்தாலும் அவர் அவற்றைக் காணலாம்.

பூட்டு பிறந்த கதை

1990களின் இறுதியில் எம்.பி.3 முறையில் பாடல்கள் இணையத்தில் தடையின்றிப் பரவியதைக் கண்டு இசைத்தட்டு நிறுவனங்கள் கலக்கமுற்றன. மின்னணு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, எஸ்.டி.எம்.ஐ. எனும் கூட்டு முயற்சியை அவை 1998இன் இறுதியில் தொடங்கின. படியெடுப்பைக் கட்டுப்படுத்தும் கருவிகளையே சந்தைக்குக் கொணர்வது அதன் நோக்கம். எஸ்.டி. அட்டை அந்நோக்கத்துக்கு இசைய வடிவமைக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில், தாம் தேர்ந்தெடுத்த பாதுகாப்பு முறைகளை உடைக்க முடியுமா என்று எஸ்.டி.எம்.ஐ. அமைப்பினர் உலகுக்கு அறைகூவல் விடுத்தனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டனும் அவர்தம் குழுவினரும் அதில் வெற்றி கண்டனர். இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்தால்தான் பரிசு என்பதால் பரிசைத் துறந்து, தம் முடிவுகளை ஆய்வரங்கில் வெளியிட முனைந்தனர். 2001 ஏப்ரலில் வழக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர்கள் அக்கட்டுரையை அப்போதைக்குத் திரும்பப் பெற நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்தபின், அவ்வாண்டு ஆகஸ்டில் மற்றோர் ஆய்வரங்கில் அது வெளியாயிற்று. பாடலுக்கு இட்ட பூட்டு, பூட்டைப் பற்றிய அறிவுக்கும் பூட்டாக மாறக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. சி.பி.ஆர்.எம். முறையைக் கணிப்பொறியின் வன்தட்டுகளுக்குரிய பொது விதிமுறையிலும் சேர்க்கும் முன்மொழிவு 2000 டிசம்பரில் பரவலாகத் தெரியவந்தது. அகற்றக்கூடிய நினைவகங்களுக்காகவே இது என்று முன்மொழிந்தோர் விளக்கினர். எனினும், தம் கணிப்பொறிக்குள் தமக்குக் கட்டுப்படாத ஓரிடம் உருவாவதைக் கணிப்பொறி வல்லுநர்கள் உலகெங்கும் எதிர்த்தனர். 2001இல் அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. அறிந்தவர்கள் கேள்வி எழுப்பியமையால் வன்தட்டு தப்பியது. அட்டையை வாங்கியோர் அறியாதிருந்தமையால் அது பூட்டோடு வீடு வந்து சேர்ந்தது.

அப்பூட்டு தன் நோக்கத்திலேனும் வென்றதா? 2007இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பாடல்களை ஆப்பிள் பூட்டின்றி விற்கத் தொடங்கியது. அமேசானும் அவ்வாண்டே அவ்வாறு செய்தது. 2009இல் ஆப்பிள் தன் கடையின் பாடல்கள் அனைத்திலுமிருந்து பூட்டை நீக்கியது. விலைக்கு விற்ற பாடல்களில் பூட்டு பயனற்றது என்பதை அதைக் கோரியவர்களே ஏற்றுக்கொண்டனர். ஆனால் பூட்டிய பொருள்களை முன்னரே வாங்கியோர் நிலை என்ன? மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் திறவாமற் போயின. பணம் திருப்பித் தரப்பட்டது, நூல் தரப்படவில்லை. ஓலையிலும் தாளிலும் படியெடுத்துப் படியெடுத்தே நூல்களைத் தலைமுறைகள் தாண்டிக் காத்துவந்த நம் மரபினர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காவலில்லாத வாசல்

இசை நிறுவனங்களுக்காக இத்துணை நுட்பமாகப் பூட்டு செய்த தொழில்துறை, அட்டையை வாங்குவோரின் நலனுக்காகச் செய்தது என்ன என்று நாம் கேட்டாக வேண்டும்.

போலி அட்டைகளின் வாணிகம் உலகெங்கும் பரவியுள்ளது. அதன் உத்தி எளியது. 8 ஜி.பி. கொள்ளளவுள்ள சில்லோடு இணைந்த கட்டுப்படுத்தியை, '64 ஜி.பி.' என்று கூறுமாறு மாற்றி எழுதிவிடுவர். கேமரா அதை நம்பும். முதல் 8 ஜி.பி. வரை யாவும் சரியாகவே நடக்கும். அதன்பின் எடுக்கும் படங்கள் பழைய படங்களின் மீதே எழுதப்படும். அல்லது எங்கும் எழுதப்படாமல் மறையும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் அட்டையின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது பெரும்பாலும் சிதையாமல் நிற்கும். பெயர்கள் இருக்கும், படங்கள் இரா. நிகாஹ் முடிந்து விருந்தினர் அனைவரும் கலைந்த பின்னரோ, ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பின்னரோதான் இழப்பு தெரியவரும். இறந்துபோன பாட்டனாரின் கடைசிப் படத்தை எந்தக் கடைக்காரரும் மாற்றித் தர இயலாது.

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங், ஐயத்துக்குரிய நுண்ணட்டைகளை உடைத்து ஆராய்ந்து 2010இல் விரிவாக எழுதினார். 2013இல் அவரும் ஷான் கிராஸும், அட்டைகளின் கட்டுப்படுத்திக்குள் புதிய நிரலைப் புகுத்த இயலும் என்பதை ஜெர்மனியில் நடந்த மாநாட்டில் செய்து காட்டினர். நாம் வாய்மூடிய பொருளென எண்ணும் அட்டைக்குள் சொல்வதைச் செய்யும் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அது யார் சொல்வதைச் செய்கிறது என்பதே வினா.

மற்றொரு சான்றும் உண்டு. 2016 டிசம்பரில் ஆவணப்பட இயக்குநர்களும் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர்களுமாக 150க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, கேனன், நிக்கான், சோனி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். கேமராவுக்குள்ளேயே படங்களைக் குறியாக்கம் செய்யும் வசதி வேண்டும். இல்லையேல் எல்லைச் சாவடிகளிலும் போர்முனைகளிலும் அட்டை பறிக்கப்படும்போது, படத்தில் இருப்போரின் உயிருக்கே ஊறு நேரும் என்பது அவர்கள் கூறிய காரணம். கேட்காதவர்க்குப் பூட்டு கிடைத்தது. கேட்டவர்கள் அதை வேண்டி மடல் எழுதும் நிலையில் இருந்தனர்.

விற்பனைக்கு வைத்திருந்த ஒரு தானியக் குவியலுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே உலர்ந்திருந்தது அடியில் நனைந்திருப்பதைக் கண்டறிந்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. நனைந்ததை வாங்குவோர் காணாதவாறு அடியில் மறைத்ததே அங்குக் கண்டிக்கப்பட்டது. மேலே 64 என்று அச்சிட்டு உள்ளே 8 வைத்து விற்பது அதே குவியலன்றி வேறென்ன?

உரிமையும் வரம்பும்

பூட்டைக் குறைகூறுவதால் படைப்பாளியின் உரிமையை நாம் மறுக்கிறோம் என்று எவரும் கருதலாகாது. கைப்பேசிக் கடைகளில் சிறு தொகை பெற்றுக்கொண்டு பாடல்களையும் திரைப்படங்களையும் மெமரி கார்டில் ஏற்றித் தரும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருந்ததை அறிவோம். பிறர் உழைப்பை அவர் இசைவின்றி விற்பதே அது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமியின் ஐந்தாம் அமர்வு, நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியன ஷரீஅத் மதிக்கும் உரிமைகளே என்றும், அவற்றில் அத்துமீறுதல் கூடாதென்றும் தீர்மானித்தது. அவ்வுரிமைகளைக் கைமாற்றும்போது நிச்சயமின்மை, மறைப்பு, மோசடி ஆகியன இருத்தலாகாது என்றும் அத்தீர்மானம் நிபந்தனை விதித்தது. ஆகவே, கடமை இருபாலார்க்கும் உண்டு. படைப்பைத் திருடக் கூடாது என்பது வாங்குபவரின் கடமை. தாம் விற்கும் பொருளின் இயல்பை மறைக்கக் கூடாது என்பது விற்பவரின் கடமை.

நாட்டின் சட்டமும் அறியத்தக்கது. 1996ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டக் காவல் வேண்டுமென்றது. அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட சில விலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. இந்தியா 2012இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் அதில் உண்டு. ஆனால் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்யப்படும் செயலுக்கு அப்பிரிவு விலக்களிக்கிறது. நோக்கத்தைக் கருதும் இவ்வணுகுமுறை அமெரிக்க முறையினும் நேரியது என்பது நம் கருத்து.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் கடையில் நின்று என்ன செய்யலாம்? எஸ்.டி. தொடங்கிய காலத்தில், பூட்டில்லாத எம்.எம்.சி. அட்டையை அதே செருகுவாயில் செருகிப் பயன்படுத்தலாம் என்ற மாற்று இருந்தது. காம்பாக்ட் ஃப்ளாஷ் ஏற்கும் கேமராவைத் தேர்வதும் மற்றொரு வழியாக இருந்தது. தேர்ந்தோர் சிலரே. எம்.எம்.சி. அட்டை கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. தேர்வு என்பது உரிய காலத்தில் செய்யாவிடில் கைநழுவிப் போகும் ஓர் உரிமை என்பதே இதன் பாடம். எஞ்சியுள்ள தேர்வுகள் சிலவற்றைக் கூறுவோம்.

கேமராவைத் தேரும்போதே, அது ஏற்கும் அட்டையைப் பல நிறுவனங்கள் செய்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஒலிம்பஸ் கேமராக்கள் சிலவற்றில் அகலப் படம் எடுக்கும் வசதி, ஒலிம்பஸ் பெயரிட்ட எக்ஸ்.டி. அட்டையில் மட்டுமே இயங்கியது. அவ்வட்டை பின்னர் வழக்கொழிந்தது. கோப்புகளை எழுதும் முறைக்கும் இது பொருந்தும். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டைகள் கையாளும் எக்ஸ்ஃபேட் முறை நெடுங்காலம் மைக்ரோசாஃப்டின் தனியுரிமையாக இருந்தது. 2019இல் அதன் விதிமுறை வெளியிடப்பட்ட பின்னரே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அதைத் தயக்கமின்றி ஏற்றன.

அட்டையின் மீதுள்ள குறிகளை வாசிக்கப் பழக வேண்டும். வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் வேகத்தில் எழுதும்; வி30 என்றிருந்தால் 30 மெகாபைட். 32 ஜி.பி. அட்டையைக் கணிப்பொறி 29.8 என்று காட்டினால் அது மோசடியன்று. உற்பத்தியாளர் ஆயிரத்தின் பெருக்கமாகவும் கணிப்பொறி 1024இன் பெருக்கமாகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. ஐயத்துக்கும் அவதூறுக்கும் இடையே உள்ள கோட்டை இத்தகைய அறிவே காக்கும்.

வாங்கிய அன்றே, விலைச்சீட்டு கையிலிருக்கும்போதே, அட்டையை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துச் சோதிக்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். முதன்முறை பயன்படுத்தும் அட்டையை முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லலாகாது. ஃப்ளாஷ் நினைவகம் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் உறங்கினால் தேக்கிய மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழக்கக்கூடியது. ஆதலின் அரிய படங்களுக்கு வேறிடங்களில் இரு படிகளேனும் இருத்தல் வேண்டும்.

நம் சமுதாயத்தில் வணிகர் பலர். மின்னணுப் பொருள்கள் விற்போரும் உளர். நம்ப முடியாத மலிவு விலையில் வரும் சரக்கின் மூலத்தை வினவுவதும், ஐயம் எழின் ஓர் அட்டையையாவது சோதித்துவிட்டு விற்பனைக்கு வைப்பதும் அவர்கள்மீது உள்ள பொறுப்பு. அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் குர்ஆன் ஒரு தனி அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. ஜி.பி. என்பதும் ஓர் அளவையே.

பூட்டு தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அதன் தன்மையைத் தீர்மானிப்பது சாவி இருக்கும் இடம். தம் பொருளைக் காக்க ஒருவர் இடும் பூட்டு அவருடைய உரிமை. பிறர் பொருளுக்குள் அவரறியாமல் இடும் பூட்டு அவ்வுரிமையாகாது. இனி வரும் கருவிகளில் பூட்டுகள் பெருகுமேயன்றிக் குறையா. அவற்றை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் கேட்கும் நாம், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழகுவோமாயின், விற்போரும் அதற்கு விடை சொல்லப் பழகுவர்.